மூடிக் கிடக்கும் அமெரிக்க வரலாற்றைக் காகிதம் காகிதமாகத் திறப்பது எப்படி

1921 மே 31 இரவும் ஜூன் 1 பகலும், ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் கிரீன்வுட் என்ற கறுப்பின மக்களின் பகுதியை வெள்ளையர் கும்பல் கொளுத்தியது. செஞ்சிலுவைச் சங்கம் எண்ணிப் பார்த்ததில் 1,256 வீடுகள் எரிந்திருந்தன. இறந்தவர்களைப் பெயரில்லாமல் புதைத்தார்கள். அப்படி ஓக்லான் கல்லறைத் தோட்டத்தில் புதைக்கப்பட்ட ஒருவருக்கு 2024 ஜூலையில்தான் பெயர் கிடைத்தது: சி.எல். டேனியல், முதல் உலகப்போரில் பணியாற்றிய ராணுவ வீரர். டி.என்.ஏ. அவருடைய குடும்பத்தைக் காட்டியது. அவர் டல்சா கலவரத்தில்தான் கொல்லப்பட்டார் என்பதைச் சொன்னதோ ஒரு கடிதம். அவருடைய தாய்க்கு உதவித்தொகை கேட்டு 1936-ல் ஒரு வழக்கறிஞர் எழுதியது. தேசிய ஆவணக் காப்பகத்தில் கிடந்தது.

அந்தக் கடிதம் ரகசிய ஆவணம் அல்ல. எலும்பையும் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அதுவரை ஆள் இல்லை, அவ்வளவுதான். அமெரிக்க வரலாற்றில் ‘புதிய ஆதாரம்’ என்று செய்தியில் வருபவற்றில் பெரும்பகுதி இந்த வகைதான். அதனால் வீட்டில் இருந்தபடியே இந்த வேலையில் பாதியைச் செய்ய முடியும். எப்படி என்பதைக் கீழே வரிசையாகப் பார்க்கலாம்.

கேள்வியைச் சுருக்கிக்கொள்ளுங்கள்

“அமெரிக்கா எதையெல்லாம் மறைத்தது?” என்று தொடங்கினால் ஒரு மாதத்தில் சலித்துப்போய் விட்டுவிடுவீர்கள். ஒரு ஆள், ஒரு ஊர், ஒரு தேதி இந்த மூன்றில் குறைந்தது இரண்டு கேள்விக்குள் இருக்க வேண்டும். “1860-ல் அலபாமாவின் மொபைல் நகருக்கு ஆப்பிரிக்கர்களைக் கடத்தி வந்த க்ளோடில்டா கப்பல் எங்கே கிடக்கிறது?” என்பது வேலைக்கு ஆகும் கேள்வி.

அடுத்து, அந்த நிகழ்வை எழுதி வைக்க யாருக்குக் காரணம் இருந்தது என்று யோசியுங்கள். பணம் கைமாறிய இடத்தில் கட்டாயம் காகிதம் பிறந்திருக்கும். வரி, காப்பீடு, ஓய்வூதியம், அடமானம், நீதிமன்றச் செலவு ஆகியவற்றை முதலில் தேடுங்கள். தலைவர்களின் உரைகளையும் நினைவுக் குறிப்புகளையும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவை மற்றவர்கள் படிக்க வேண்டும் என்று எழுதப்பட்டவை. காப்பீட்டுக்காரரின் பதிவேடு அப்படி அல்ல.

அந்தக் காலத்துச் சொல்லில் தேடுங்கள்

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் ‘க்ரானிக்ளிங் அமெரிக்கா’ தொகுப்பில் 2 கோடிக்கும் மேற்பட்ட பழைய செய்தித்தாள் பக்கங்கள் இலவசமாகக் கிடக்கின்றன. புதியவர்கள் அதில் தோற்பதற்கு முதல் காரணம் இன்றைய சொல்லைப் போட்டுத் தேடுவது. டல்சா சம்பவத்தை இன்று ‘மாசாக்கர்’, அதாவது படுகொலை என்கிறோம். 1921 நாளிதழ்களில் அது ‘ரயட்’, கலவரம். அந்தச் சொல்லுக்குப் பின்னால் காசும் இருந்தது: கலவரச் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்ற விதியைக் காட்டித்தான் காப்பீட்டு நிறுவனங்கள் கிரீன்வுட் மக்களின் கோரிக்கைகளை மறுத்தன. கறுப்பின மக்களைக் குறிக்கவும் ‘கலர்ட்’, ‘நீக்ரோ’ என்ற அன்றைய சொற்களைத்தான் தட்டச்ச வேண்டும். கசப்பாக இருந்தாலும் காகிதம் அந்த மொழியில்தான் இருக்கிறது.

இரண்டாவது காரணம், கணினி அந்த அச்சைப் படிக்கும் விதம். 1800-க்கு முந்தைய அச்சில் ‘எஸ்’ எழுத்தின் நீண்ட வடிவம் ‘எஃப்’ போலவே இருக்கும். கணினி அதை எஃப் என்றே பதிந்திருக்கும். சொல்லைத் தேடி எதுவும் வரவில்லையென்றால் எழுத்தை மாற்றித் தேடுங்கள். அதற்கும் வரவில்லையா? ஊரையும் தேதியையும் வைத்து அந்த வாரத்து இதழ்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டிவிடுங்கள்.

தேதியிலும் ஒரு பொறி உண்டு. 1752 வரை ஆங்கிலேயக் குடியேற்றங்களில் ஆண்டு மார்ச் 25-ல்தான் பிறந்தது. அந்த ஆண்டு நாட்காட்டியை மாற்றியபோது 11 நாட்களையும் தூக்கிவிட்டார்கள். ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்த நாள் பழைய கணக்கில் 1731 பிப்ரவரி 11, புதிய கணக்கில் 1732 பிப்ரவரி 22. இது தெரியாமல் இரண்டு ஆவணங்களைப் பார்த்தவர், ஒன்று பொய் என்று முடிவு கட்டிவிடுவார்.

1870 என்ற சுவர்

அதிக உழைப்பைக் கேட்பதும், அதிகம் திருப்பிக் கொடுப்பதும் இந்தப் பகுதிதான். அடிமைப்படுத்தப்பட்ட ஒருவரின் குடும்பத்தைத் தேடிப் பின்னோக்கிப் போனால் 1870 சென்சஸில் வந்து முட்டிக்கொள்வீர்கள். விடுதலை பெற்றவர்களைப் பெயரோடும் குடும்பப் பெயரோடும் பதிவு செய்த முதல் கணக்கெடுப்பு அது. அதற்கு முன் 1850, 1860-ல் எடுத்த அடிமைப் பட்டியல்களில் உரிமையாளரின் பெயர் மட்டும் இருக்கும். கீழே வயது, பால், நிறம். மனிதர்களுக்குப் பெயரில்லை.

சுவரைத் தாண்டும் வழி இதுதான்.

1. 1870 சென்சஸில் குடும்பத்தைக் கண்டுபிடியுங்கள். ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசக் கணக்கு போதும். வயது, பிறந்த மாநிலம், தொழில் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் படிவத்தில் உறவுமுறைக்கான கட்டம் கிடையாது. அது 1880-ல்தான் வந்தது. ஒரே வீட்டில் இருக்கிறார் என்பதால் மனைவி, மகள் என்று எழுதிவிடாதீர்கள்.

2. மேலும் கீழும் பத்துப் பத்து வீடுகளைப் படியெடுங்கள். பலர் விடுதலைக்குப் பிறகும் அதே வட்டாரத்தில்தான் வாழ்ந்தார்கள். 1870 படிவத்தில் நிலத்தின் மதிப்புக்கும் பிற சொத்தின் மதிப்புக்கும் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. பக்கத்தில் பெரிய தொகை வைத்திருக்கும் வெள்ளையர் யார் என்று பாருங்கள். பழைய உரிமையாளராக இருக்கக்கூடியவர்களின் முதல் பட்டியல் அதுவே.

3. ஃப்ரீட்மென்ஸ் பீரோவின் கோப்புகளுக்குப் போங்கள். விடுதலை பெற்றவர்களுக்காக 1865 முதல் 1872 வரை இயங்கிய அரசு அமைப்பு அது. கூலி ஒப்பந்தங்களை முதலில் பாருங்கள்: முதலாளி பல நேரம் பழைய உரிமையாளரேதான். அதே காலத்து ஃப்ரீட்மன்ஸ் சேவிங்ஸ் வங்கியில் கணக்குத் தொடங்கியவர்களிடம் பிறந்த இடம், வளர்ந்த இடம், பெற்றோர், உடன்பிறந்தோர் என்று கேட்டு எழுதினார்கள். சில பதிவேடுகளில் பழைய உரிமையாளரின் பெயரும் தோட்டத்தின் பெயரும் இருக்கும். கையெழுத்துப் போடத் தெரியாதவரை அடையாளம் காணத்தான் அந்தக் கேள்விகள். வங்கி தன் வசதிக்காகச் செய்தது இன்று ஒரு குடும்பத்துக்கே வரலாறாகிறது.

4. ஆண் என்றால் உள்நாட்டுப் போரில் வடக்குப் படையின் கறுப்பினப் பிரிவுகளில் சேர்ந்திருக்கிறாரா என்று பாருங்கள். சுமார் 1,79,000 பேர் சேர்ந்தார்கள். படையில் சேர்ந்த பதிவை விட, அவருடைய விதவை ஓய்வூதியம் கேட்ட கோப்புதான் புதையல். திருமணத்தை நிரூபிக்கச் சான்றிதழ் இல்லாததால் அக்கம்பக்கத்தார் சாட்சி சொல்லியிருப்பார்கள்: எந்தத் தோட்டத்தில் கல்யாணம், யார் நடத்தி வைத்தது, எந்தக் குழந்தை எப்போது பிறந்தது என்று பக்கக்கணக்கில் போகும்.

5. உரிமையாளர் பெயர் கிடைத்ததும் அவருடைய கவுண்டியின் (நம் மாவட்டம் போன்றது) நீதிமன்ற ஆவணங்களைத் திறங்கள்: உயில், இறந்தபின் எடுத்த சொத்துப் பட்டியல், கிரயப் பத்திரம், அடமானம். குதிரைக்கும் கலப்பைக்கும் நடுவில் மனிதர்களின் பெயர்கள், பக்கத்தில் டாலர் மதிப்பு. படிக்கும்போது நெஞ்சு அடைக்கும். ஆனால் 1860 பட்டியலில் இல்லாத பெயர்கள் இங்கேதான் இருக்கின்றன. ஃபேமிலிசர்ச்சின் முழு உரைத் தேடல் கையெழுத்தையே படித்துத் தேடித் தருகிறது. அட்டவணையில் ஏறாத பெயர்கள்கூட அதில் அகப்படுகின்றன.

6. கடைசியாகத்தான் 1860 பட்டியலோடு பொருத்திப் பார்க்க வேண்டும். 1870-ல் 35 வயது என்றால் இங்கே 25 வயது ஆணைத் தேடுங்கள். சொன்ன வயதெல்லாம் தோராயம்; ஐந்து வயது முன்பின் விடுங்கள்.

தவறுகள் பெரும்பாலும் நடப்பது இந்த ஆறாவது படியில். வயது பொருந்தியதும் “கண்டுபிடித்துவிட்டேன்” என்று பலர் நின்றுவிடுகிறார்கள். ஒரு கவுண்டியில் 25 வயது ஆண்கள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். வயதுப் பொருத்தம் மற்ற ஆதாரத்துக்குத் துணை மட்டுமே. அடுத்த தவறு குடும்பப் பெயரை நம்புவது. விடுதலை பெற்றவர்கள் எல்லோரும் கடைசி உரிமையாளரின் பெயரை எடுத்துக்கொள்ளவில்லை. முந்தைய உரிமையாளரின் பெயர், தந்தையின் பெயர், தாங்களே தேர்ந்த பெயர் என்று பலவகை.

இல்லாத காகிதத்தையும் படியுங்கள்

தேடியது கிடைக்கவில்லையென்றால் உடனே ‘மறைத்துவிட்டார்கள்’ என்று எழுதாதீர்கள். முதலில் எரிந்ததா என்று பாருங்கள். 1890 சென்சஸின் பெரும்பகுதி 1921 ஜனவரியில் வாஷிங்டனில் நடந்த தீ விபத்திலும் அதன் பின்விளைவாகவும் அழிந்தது. அந்தப் பத்தாண்டுக்கு நகர முகவரிப் புத்தகங்களைப் பயன்படுத்துங்கள். செயின்ட் லூயிஸில் 1973 ஜூலை 12 அன்று பிடித்த தீயில் 1.6 முதல் 1.8 கோடி ராணுவ வீரர் கோப்புகள் போயின. 1912-க்கும் 1960-க்கும் இடையே விடுவிக்கப்பட்ட தரைப்படையினரின் கோப்புகளில் 80 சதவீதம் அதில் அடங்கும். அந்தக் காலத்து வீரரைத் தேடுபவர் சம்பளச் சீட்டுகளையும் உதவித்தொகைக் கோப்புகளையும் பார்க்க வேண்டும்.

யாரோ வேண்டுமென்றே எடுத்ததும் உண்டு. கலவரம் தொடங்கிய நாளன்று பிற்பகலில் வெளிவந்த ‘டல்சா ட்ரிப்யூன்’ இதழை மைக்ரோஃபிலிம் எடுக்கும் முன்பே அதன் முதல் பக்கச் செய்தியையும் தலையங்கப் பக்கத்தின் ஒரு பகுதியையும் கிழித்திருந்தார்கள். முதல் பக்கச் செய்தி வேறொரு பிரதியிலிருந்து பின்னர் கிடைத்தது. தலையங்கப் பகுதி கிடைக்கவில்லை. அதில் இன்னதுதான் இருந்தது என்று உறுதியாகச் சொல்லும் கட்டுரைகளைப் படித்தால் கவனம்: அவை சாட்சிகளின் நினைவை நம்பி எழுதப்பட்டவை. உங்கள் குறிப்பில் “கிழிக்கப்பட்டுள்ளது” என்பதும் “இன்னது இருந்ததாகச் சிலர் நினைவுகூர்கிறார்கள்” என்பதும் இரண்டு தனி வரிகளாக இருக்கட்டும்.

கிரீன்வுட்டில் எங்கே எந்தக் கட்டடம் நின்றது என்பதற்கு சான்போர்ன் தீக்காப்பீட்டு வரைபடங்கள் இருக்கின்றன. அங்குலத்துக்கு 50 அடி அளவு. இளஞ்சிவப்பு என்றால் செங்கல், மஞ்சள் என்றால் மரம், நீலம் என்றால் கல். ஒரே தெருவின் இரண்டு ஆண்டு வரைபடங்களை அருகருகே வைத்தால், போனது எது, மீண்டும் எழுந்தது எது என்று கண்ணெதிரே தெரியும்.

அரசு வைத்திருப்பதைக் கேட்டு வாங்குவது

இருபதாம் நூற்றாண்டுக்கு வந்தால் தகவல் சுதந்திரச் சட்டம் உதவும். 1966-ல் கையெழுத்தானது. இந்திய ஆர்.டி.ஐ.யில் குடிமக்கள்தான் கேட்க முடியும். இந்தச் சட்டத்தில் எந்த நாட்டவரும் கேட்கலாம். ஆனால் கூட்டரசின் நிர்வாகத் துறைகளை மட்டுமே இது கட்டுப்படுத்தும். காங்கிரஸிடமும் நீதிமன்றங்களிடமும் இதை வைத்துக் கேட்க முடியாது. மாநிலங்களுக்குத் தனித்தனிச் சட்டம். வர்ஜீனியா போன்றவை தம் மாநிலத்தாருக்கு மட்டுமே பதில் சொல்லக் கடமைப்பட்டவை.

மனு போடும் முன் ஏற்கெனவே வெளியானதா என்று பாருங்கள். எஃப்.பி.ஐ.யின் ‘வால்ட்’, சி.ஐ.ஏ.வின் மின்னணு வாசிப்பு அறை, ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தனியார் அமைப்பான நேஷனல் செக்யூரிட்டி ஆர்க்கைவ் ஆகிய மூன்றும் போதும். இல்லையென்றால் மனு இப்படி இருக்க வேண்டும் (அனுப்புவது ஆங்கிலத்தில்):

“தகவல் சுதந்திரச் சட்டத்தின்கீழ், இன்ன ஆண்டு இன்ன ஊரில் பிறந்து இன்ன தேதியில் இறந்த இன்னார் குறித்து, உங்கள் இன்ன ஊர்க் கிளை அலுவலகம் 1961 ஜனவரி 1 முதல் 1968 டிசம்பர் 31 வரை உருவாக்கிய கோப்புகளின் நகலைக் கேட்கிறேன். இறப்புச் செய்தியின் நகல் இணைத்துள்ளேன். மின்னணு வடிவம் போதும். கட்டணம் 25 டாலரைத் தாண்டினால் முதலில் தெரிவிக்கவும்.”

இறப்புச் சான்றை விட்டால் அந்தரங்கத்தைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்புவார்கள். தேதி வரம்பை விட்டால், கேட்பது தெளிவாக இல்லை என்பார்கள். நூறாண்டுக்கு முன் பிறந்தவருக்கு எஃப்.பி.ஐ. இறப்புச் சான்று கேட்பதில்லை. வணிக நோக்கம் இல்லாதவர்களுக்கு முதல் 2 மணி நேரத் தேடலும் முதல் 100 பக்கமும் இலவசம். சட்டப்படி 20 வேலை நாட்களில் பதில் வர வேண்டும்; நடைமுறையில் மாதங்கள், சிலவற்றுக்கு ஆண்டுகள். மறுத்தால் மேல்முறையீட்டுக்குக் குறைந்தது 90 நாள் அவகாசம் உண்டு. கட்டாயம் மேல்முறையீடு செய்யுங்கள். முதல் பதிலில் கறுப்பு மையடித்த பத்திகள் மேல்முறையீட்டில் திறப்பதும் உண்டு.

பொறுமைக்குப் பலன் உண்டு என்பதற்கு உதாரணம், வியட்நாமை ஒட்டிய டோங்கின் வளைகுடா. 1964 ஆகஸ்ட் 4 அன்று வட வியட்நாம் படகுகள் அமெரிக்கக் கப்பல்களை இரண்டாவது முறை தாக்கின என்று சொல்லித்தான் ஆகஸ்ட் 7-ல் காங்கிரஸில் தீர்மானம் வாங்கினார்கள், போர் விரிந்தது. அன்று அப்படி ஒரு தாக்குதல் நடக்கவே இல்லை, ஒட்டுக்கேட்ட செய்திகளைத் திரித்துத் தொகுத்தார்கள் என்று தேசிய பாதுகாப்பு முகமையின் சொந்த வரலாற்றாசிரியரே எழுதி வைத்திருந்தார். அந்தக் கட்டுரை 2005 நவம்பரில்தான் வெளியே வந்தது.

மண்ணும் மரமும் ரத்தமும்

காகிதத்தில் கிடைத்ததை, காகிதம் அல்லாத ஒன்றோடு உரசிப் பாருங்கள். க்ளோடில்டா இதற்கு நல்ல பாடம். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவதை 1808 முதலே சட்டம் தடை செய்திருந்தது. 1860-ல் சுமார் 110 பேரைக் கடத்தி வந்து, தடயம் அழிக்கக் கப்பலை எரித்து மூழ்கடித்தார்கள். விடுதலைக்குப் பின் அவர்கள் உருவாக்கிய ஆப்பிரிக்காடவுனில் அந்தக் கதை தலைமுறை தலைமுறையாகப் பேசப்பட்டது. வெளியே பலர் அதைக் கட்டுக்கதை என்றார்கள்.

2018 ஜனவரியில் நீர் வெகுவாக வடிந்தபோது ஒரு சிதைவு தெரிந்தது, உலகமெங்கும் செய்தி. அளந்து பார்த்தால் அது க்ளோடில்டாவை விடப் பெரிய கப்பல். இடம் பொருந்தியது, எரிந்த தடயமும் இருந்தது, அளவு பொருந்தவில்லை. ஆய்வாளர்கள் கைவிட்டுவிடாமல் பழைய பதிவேடுகளைப் புரட்டினார்கள். க்ளோடில்டாவின் பதிவு துல்லியமாக இருந்தது: நீளம் 86 அடி, அகலம் 23 அடி, சரக்கறை ஆழம் 6 அடி 11 அங்குலம், வெள்ளை ஓக் சட்டங்கள்மேல் தெற்கத்தி மஞ்சள் பைன் பலகைகள். மெக்சிகோ வளைகுடாக் கரையில் கட்டிய வேறெந்தக் கப்பலுக்கும் இதே அளவு இல்லை. மொபைல் ஆற்றில் கிடைத்த மற்றொரு சிதைவு இவற்றோடு பொருந்தியது. 2019 மே மாதம் அலபாமா வரலாற்று ஆணையம் அறிவித்தது. உங்களுக்கான பாடம்: பொருந்துவதைப் பட்டியலிடும் முன், எது பொருந்தாவிட்டால் கைவிடுவேன் என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

டி.என்.ஏ.வை அளவுக்கு மீறி நம்புவது இன்னொரு வழுக்கல். தாமஸ் ஜெஃபர்சன், தன் அடிமையாக இருந்த சாலி ஹெமிங்ஸின் பிள்ளைகளுக்குத் தந்தையா என்ற கேள்விக்கு 1998-ல், தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் ஒய் குரோமோசோமைப் பரிசோதனை செய்தார்கள். ஜெஃபர்சனுக்குத் தொடர்ச்சியான ஆண் வாரிசு வழி இல்லாததால், அவருடைய பெரியப்பா வழி வந்தவர்களின் மாதிரியோடு சாலியின் கடைசி மகன் எஸ்டனின் வழித்தோன்றலை ஒப்பிட்டார்கள். பொருந்தியது. ஆனால் ஒய் குரோமோசோம் குடும்பத்தை மட்டும் காட்டும். அண்ணனா தம்பியா என்று பிரித்துச் சொல்லாது. தம்பி ராண்டால்ஃபும் அதே குடும்பம்தான். தாமஸை நோக்கி விரல் நீட்டியது காகிதம்: சாலி கருவுற்ற ஒவ்வொரு சமயத்திலும் அவர் தன் தோட்ட வீடான மான்டிசெல்லோவில் இருந்ததைக் காட்டும் தேதிக் குறிப்புகள், மேலும் மகன் மாடிசன் ஹெமிங்ஸ் 1873-ல் ஓஹியோ செய்தித்தாள் ஒன்றில் சொன்ன வாக்குமூலம். அந்த வாக்குமூலத்தை நூறாண்டுக்கும் மேல் வரலாற்றாசிரியர்கள் பலர் ஒதுக்கியே வைத்திருந்தார்கள்.

போலிக்கு முன்னால்

1579-ல் ஆங்கிலேயக் கடலோடி ஃபிரான்சிஸ் டிரேக் கலிஃபோர்னியாவில் அறைந்ததாகச் சொல்லப்பட்ட பித்தளைத் தகடு 1936-ல் கிடைத்தது. பெர்க்லியின் பெரிய வரலாற்றாசிரியர் ஒருவர் அது உண்மை என்றார். அந்தத் தகட்டைத் தேடும்படி அவர்தான் பல ஆண்டுகளாக மாணவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தவர். 1977-ல் உலோகத்தைச் சோதித்தபோது துத்தநாகம் பதினாறாம் நூற்றாண்டுக்கு மிக அதிகம். தகடு இயந்திரத்தில் உருட்டிய அளவுக்குச் சீரான தடிமன். அவருடைய நண்பர்களே விளையாட்டாகச் செய்தது கடைசியில் தெரியவந்தது. ஒரு பொருள் உங்கள் கையில் வந்தால் யார் எடுத்தார், எந்த நாளில், நடுவில் யார் வீட்டில் இருந்தது என்று கேளுங்கள். நடுவில் ஓர் இடைவெளி இருந்தால் ஆய்வகத்துக்குப் போகும்வரை அதைப் பற்றி எழுத வேண்டாம்.

குறிப்பும் வாசிப்பு அறையும்

ஒவ்வொரு ஆவணத்துக்கும் நான்கு விவரம் எழுதுங்கள்: எந்தக் காப்பகம், கேட்டலாக் எண், பெட்டி மற்றும் உறை எண், பார்த்த தேதி. தேசிய ஆவணக் காப்பகத்தில் ஒவ்வொரு துறைக்கும் ஒரு தொகுதி எண் உண்டு: ஃப்ரீட்மென்ஸ் பீரோ 105, சென்சஸ் 29, பூர்வகுடி விவகாரம் 75, எஃப்.பி.ஐ. 65. படம் எடுக்கும்போது வேண்டிய பத்தியை மட்டும் வெட்டாதீர்கள். ஓரமும் பின்பக்கமும் சேரட்டும். பின்பக்கத்தில் ஓர் எழுத்தர் போட்ட முத்திரைத் தேதிதான் பல நேரம் வழக்கையே முடிக்கும்.

நேரில் போக வாய்த்தால் எந்தக் கட்டடம் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். உள்நாட்டுப் போர் காலத்து ராணுவக் கோப்புகளும் ஃப்ரீட்மென்ஸ் பீரோவும் வாஷிங்டனில். இருபதாம் நூற்றாண்டின் துறைக் கோப்புகளும் புகைப்படங்களும் பெருமளவு மேரிலாந்தின் காலேஜ் பார்க்கில். வீரர்களின் தனிக் கோப்புகள் செயின்ட் லூயிஸில். ஆய்வாளர் அட்டை இலவசம். அடையாள அட்டையோடு போனால் அங்கேயே தருவார்கள். பேனா, பை, மேலங்கி எல்லாம் லாக்கரில் போய்விடும். பென்சிலும் ஃப்ளாஷ் அணைத்த கேமராவும் உள்ளே வரலாம். ஒரு நேரத்தில் ஒரு பெட்டி, அதிலிருந்து ஒரு உறை, காகிதங்கள் இருந்த வரிசை மாறாமல் திரும்ப உள்ளே. அந்த வரிசையும் ஆதாரம்தான்: வழக்கறிஞரின் கடிதத்துக்கு அடுத்து எந்தத் தாள் இருந்தது என்பதை அடுத்து வருபவரும் பார்க்க வேண்டும்.